நேர்காணல் குழுவுக்கு ஐஏடி சோதனை வைக்கலாமா? மறைமுகச் சார்பை அளப்பது பற்றி ஒரு சந்தேகம்

வான்மதி:
எல்லோருக்கும் வணக்கம். மனிதவளத் துறையில் வேலை பார்க்கிறேன். மேலிடத்திலிருந்து ஒரு யோசனை வந்திருக்கிறது. ஆளெடுக்கும் நேர்காணல் குழுவில் உட்காருகிற ஒவ்வொருவரும் ஐஏடி எனப்படும் மறைமுக இணைப்புச் சோதனையைச் செய்ய வேண்டுமாம். ‘வலுவான சார்பு’ என்று முடிவு வருகிறவர்களைக் குழுவிலிருந்து எடுத்துவிட வேண்டுமாம். கேட்டதும் நியாயமாகத்தான் பட்டது. பாரபட்சம் உள்ளவர் ஏன் ஆளெடுக்க வேண்டும்?

ஆனால் சுற்றறிக்கை எழுத வேண்டியவள் நான். அதனால் வயது பற்றிய சோதனையை முதலில் நானே இணையத்தில் செய்து பார்த்தேன். இளையவர்கள் பக்கம் ‘மிதமான’ சாய்வு என்று வந்தது. கொஞ்ச நாள் விட்டு மறுபடி செய்தால் ‘இலேசான’ என்கிறது. நடுவில் நான் ஒன்றும் திருந்திவிடவில்லை!

இது உண்மையில் எதை அளக்கிறது? இதை வைத்து ஒருவரை ஒதுக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

கார்குழலி:
வணக்கம் வான்மதி மேடம். சமூக உளவியலில் ஆய்வு மாணவி. எங்கள் ஆய்வகத்தில் தினமும் யாராவது ஒருவர் இந்தச் சோதனை முன்னால் உட்கார்ந்திருப்பார், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1998இல் ஆண்டனி கிரீன்வால்ட், டெபி மெக்கீ, ஜோர்டன் ஷ்வார்ட்ஸ் மூவரும் வெளியிட்டது இது. முதல் பரிசோதனையே பூக்களையும் பூச்சிகளையும் வைத்துத்தான். திரையில் வரும் பூவையும் நல்ல சொல்லையும் விசைப்பலகையின் ஒரே விசையில் போடுவது எளிது, பூச்சியையும் நல்ல சொல்லையும் ஒரே விசையில் போடச் சொன்னால் கை தடுமாறுகிறது என்று காட்டினார்கள்.

நீங்கள் செய்த வயதுச் சோதனையை எடுத்துக்கொள்வோம். திரையின் இடது மூலையில் ‘இளையவர், நல்லது’ என்றிருக்கும். வலது மூலையில் ‘முதியவர், கெட்டது’. நடுவில் ஒரு முகம் வரும், அடுத்து ஒரு சொல் வரும், மறுபடி முகம். இளம் முகமா, இடக்கை. ‘மகிழ்ச்சி’யா, அதுவும் இடக்கை. சுருக்கம் விழுந்த முகம், வலக்கை. ‘வேதனை’, வலக்கை. விரல் தானாக ஓடும். அப்புறம் சோடியை மாற்றிவிடுவார்கள்: ‘முதியவர், நல்லது’ ஒரு பக்கம், ‘இளையவர், கெட்டது’ மறுபக்கம். இப்போது ‘மகிழ்ச்சி’ வந்ததும் ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கும். தப்பான விசையை அழுத்தினால் சிவப்புப் பெருக்கல் குறி வரும், சரியாக அழுத்தினால்தான் அடுத்ததற்குப் போகலாம். அந்தத் தயக்கம் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான் இருக்கும். மொத்தச் சோதனையும் அந்தத் தயக்கத்தின் மேல்தான் நிற்கிறது.

இரண்டு சோடிகளுக்கும் ஆன சராசரி நேரங்களைக் கழித்து, வரும் வித்தியாசத்தை உங்கள் நேரங்களின் திட்ட விலக்கத்தால் (சராசரியிலிருந்து அவை எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவால்) வகுத்தால் கிடைப்பதுதான் டி மதிப்பெண். 2003இல் கிரீன்வால்ட், பிரையன் நோசெக், மஹ்சரின் பானாஜி மூவரும் இந்தக் கணக்கு முறையைச் சீர்ப்படுத்தினார்கள். 0.15ஐத் தாண்டினால் இலேசான, 0.35ஐத் தாண்டினால் மிதமான, 0.65ஐத் தாண்டினால் வலுவான. உங்களுக்கு வந்த அடைமொழி இந்தக் கோடுகளிலிருந்து வருவதுதான்.

ஆக, கருவி அளப்பது நேரத்தை. சார்பு என்பது அந்த நேரத்தைப் பார்த்து நாம் செய்கிற ஊகம். அந்த ஊகம் எவ்வளவு தூரம் சரி என்பதில்தான் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகச் சண்டை.

நக்கீரன் பேரன்:
இது விரல் பழக்கத்தை அளக்கிற விளையாட்டு. முதலில் எந்தச் சோடி வருகிறதோ அது கைக்குப் பழகிவிடும். பிறகு மாற்றினால் யாருக்கும்தான் தடுமாறும். எனக்கு முதலில் ‘முதியவர், நல்லது’ வந்திருந்தால் நான் பெரியவர்களைக் கும்பிடுகிற உத்தமன் என்று சான்றிதழ் கொடுத்திருப்பார்கள்.

கார்குழலி:
வரிசை விளைவு இருப்பது உண்மைதான் பேரன் சார், அதை உருவாக்கியவர்களே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்காகத்தான் பாதிப் பேருக்கு ஒரு வரிசை, மீதிப் பேருக்கு மறு வரிசை. மொத்தம் ஏழு கட்டங்கள். பக்கம் மாறுகிற ஐந்தாவது கட்டத்தில் பயிற்சியை 20 முறையிலிருந்து 40 ஆகக் கூட்டியதும் பழைய பழக்கம் கலையட்டும் என்றுதான். விளைவு குறைந்தது, முழுசாகப் போகவில்லை.

ஆனால் வெறும் விரல் பழக்கம் என்றால் இரண்டு வரிசைகளும் எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்து, சேர்த்துப் பார்த்தால் கூட்டத்தின் சராசரி சுழியத்தை ஒட்டி வர வேண்டும். வருவதில்லை. வயதுச் சோதனையில் எந்த வரிசையாக இருந்தாலும் சராசரி இளையவர் பக்கம்தான் சாய்கிறது. முதியவர்களே செய்தாலும் அப்படித்தான்.

எண்ணெழுத்து:
புள்ளியியல்காரன் நடுவில் வருகிறேன். வான்மதியின் முடிவு ஏன் மாறியது என்பதுதான் இந்த இழையில் முக்கியமான கேள்வி, யாரும் தொடவில்லை.

ஒரு சோதனையை ஒரே ஆளுக்கு இரண்டு முறை கொடுத்தால் இரண்டு மதிப்பெண்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை மறுசோதனை நம்பகத்தன்மை என்கிறோம். முழுசாக ஒத்துப்போனால் 1, ஒத்துப்போகவே இல்லையென்றால் 0. ஐஏடிக்கு அது சுமார் 0.50. இது எதிரிகள் கிளப்பிவிட்ட எண் அல்ல, கிரீன்வால்டும் கால்வின் லாயும் 2020இல் நிறைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது. தனி ஆளைப் பற்றி முடிவெடுக்கும் சோதனைகளுக்கு 0.80, 0.90 என்று எதிர்பார்ப்பது எங்கள் வழக்கம்.

0.50 என்றால் நடைமுறையில் என்ன? கணக்குக்காகக் கூட்டத்தில் டி மதிப்பெண்ணின் திட்ட விலக்கம் 0.40 என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவைப் பிழை = 0.40 × √(1 − 0.50), அதாவது ஏறக்குறைய 0.28. உங்களுக்கு வந்தது 0.40 என்றால் ஒரு பிழை அளவு இந்தப் பக்கம் 0.12, அந்தப் பக்கம் 0.68. கோடுகளோடு ஒப்பிடுங்கள். 0.12 என்றால் ‘சார்பு இல்லை’. 0.68 என்றால் ‘வலுவான’. ஒரே மனுஷி, ஒரே மனசு, நான்கு அடைமொழிகளில் எது வேண்டுமானாலும் வரலாம். அந்த வரம்புக்குள் விழும் வாய்ப்பே மூன்றில் இரண்டு பங்குதான், மிச்சம் அதற்கும் வெளியே.

0.15, 0.35, 0.65 கோடுகளுக்கும் பாரபட்சமான நடத்தைக்கும் நேரடிச் சம்பந்தம் எதையும் யாரும் நிறுவவில்லை என்பது தனிக் கதை. 0.65க்கு மேல் போனவர் இன்னின்ன தப்பு செய்வார் என்று எந்த ஆய்வும் அந்த இடத்தில் கோடு கிழிக்கவில்லை. புள்ளியியலில் விளைவளவைச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று பிரிக்கிற வழக்கத்திலிருந்து வந்த கோடுகள் அவை.

இளவேனில்:
நான் பன்முகத்தன்மைப் பயிற்சி நடத்துகிறவள். இப்படியே போனால் ‘சோதனை சரியில்லை, அதனால் சார்பே இல்லை’ என்று சிலர் எழுந்து போய்விடுவார்கள். பார்த்திருக்கிறேன்.

இந்தச் சோதனை ஏன் வந்தது என்பதை மறக்க வேண்டாம். நேரடியாகக் கேட்டால் யாரும் உண்மை சொல்வதில்லை. 1971இல் ஜோன்ஸ், சிகால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு மின்கம்பிகளை மாட்டி, உங்கள் உண்மையான எண்ணம் இந்த இயந்திரத்தில் தெரிந்துவிடும் என்று நம்ப வைத்துக் கேட்டுப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். இயந்திரம் டூப்பு. ஆனால் அதை நம்பியவர்கள் வாயிலிருந்து வெளிவந்த இன வெறுப்பு, சாதாரணமாகக் கேட்டபோது வந்ததைவிட அதிகம். அதற்கு முன்னால் 1934இல் ரிச்சர்ட் லாப்பியர். ஒரு சீனத் தம்பதியோடு அமெரிக்கா முழுக்கச் சுற்றி 251 விடுதிகள், உணவகங்களுக்குப் போனார். பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் போட்டு, சீனர்களை ஏற்பீர்களா என்று கேட்டார். சொல்லும் செயலும் ஒட்டவே இல்லை.

நக்கீரன் பேரன்:
லாப்பியரைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே இளவேனில். 251 இடங்களில் அவர்களை ஏற்க மறுத்தது ஒரே ஒரு இடம். கடிதத்துக்குப் பதில் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் ‘ஏற்க மாட்டோம்’ என்றார்கள். வாயில் வெறுப்பு, செயலில் வரவேற்பு! உங்களுக்கு வேண்டியது இதற்குத் தலைகீழ். வாயால் சமத்துவம் பேசி, கையால் ஒதுக்குகிறவர்கள் இருப்பதாகத்தானே ஐஏடி ஆட்கள் சொல்கிறார்கள்?

இளவேனில்:
அதற்கும் ஆதாரம் இருக்கிறது. மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் 2004இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பாஸ்டன், சிகாகோ நாளிதழ்களில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறக்குறைய 5,000 கற்பனை விண்ணப்பங்கள் போட்டார்கள். தகுதிகளை ஒரே மாதிரி வைத்துப் பெயரை மட்டும் மாற்றினார்கள். எமிலி, கிரெக் போன்ற பெயர்களுக்கு, லக்கிஷா, ஜமால் போன்ற பெயர்களைவிட 50 சதவீதம் அதிக அழைப்பு. அந்த முதலாளிகளிடம் கேட்டிருந்தால் எத்தனை பேர் ‘ஆமாம், பெயரைப் பார்த்துத் தள்ளினேன்’ என்று சொல்லியிருப்பார்கள்?

நக்கீரன் பேரன்:
இந்த ஆய்வை நான் முழுசாக ஏற்கிறேன். அதில் யாருடைய மில்லிசெகண்டையும் எண்ணவில்லையே. பாரபட்சம் இருக்கிறது என்பது ஒன்று. அது ஒளிந்து கிடக்கிற மனப்பான்மையிலிருந்து வருகிறது என்பது வேறு. தெரிந்தே செய்துவிட்டு வெளியே சொல்லாமலும் இருக்கலாம். மூன்றாவதாக, அதை விசை அழுத்தச் சொல்லிக் கண்டுபிடிக்கலாம் என்பது இன்னும் வேறு. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் வைக்காதீர்கள்.

எண்ணெழுத்து:
பேரன் சொன்னதில் கடைசி விஷயத்துக்கு எண்கள் உண்டு. ஐஏடி மதிப்பெண்ணுக்கும் நடத்தைக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு (சம்பந்தமே இல்லையென்றால் 0, முழுப் பொருத்தம் என்றால் 1) இதுவரை எப்படி மாறி வந்திருக்கிறது என்று பாருங்கள். 2009இல் கிரீன்வால்ட் குழு 122 ஆய்வறிக்கைகளைத் தொகுத்து, எல்லாத் தலைப்புகளையும் சேர்த்துச் சராசரி 0.27 என்றது. 2013இல் ஆஸ்வால்ட், டெட்லாக் குழு இனம் சார்ந்த ஆய்வுகளை மட்டும் எடுத்து மறுபடி கணக்குப் போட்டு 0.15 பக்கத்தில் கொண்டுவந்தது. 2019இல் பெனெடெக் குர்தி குழு 217 அறிக்கைகளைச் சேர்த்தபோது சுமார் 0.10. குர்தி குழுவில் கிரீன்வால்டும் பானாஜியும் இருக்கிறார்கள் என்பதால் இதை எதிரணிக் கணக்கு என்று தள்ள முடியாது. அதே ஆய்வில் கவனமாகத் திட்டமிட்ட ஆய்வுகளுக்குக் கெழு இதைவிட உயரும் என்றும் சொல்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

0.10ஐ ஒரு படமாகப் பாருங்கள். 200 நேர்காணலாளர்கள், அவர்களில் 100 பேர் பாரபட்சமாக நடக்கிறவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐஏடி மதிப்பெண்படி மேல் பாதி 100, கீழ் பாதி 100 என்று பிரித்தால், மேல் பாதியில் பாரபட்சக்காரர்கள் 55 பேர், கீழ் பாதியில் 45 பேர். மேல் பாதியை நீக்கினால் 45 அப்பாவிகள் வெளியே, 45 பாரபட்சக்காரர்கள் பத்திரமாக உள்ளே. இதைச் சுற்றறிக்கையில் எப்படி எழுதுவீர்கள்?

கார்குழலி:
அண்ணா, அந்தக் கணக்கு சரி. ஆனால் சிறிய கெழுவைப் பயனில்லாத கெழு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கிரீன்வால்ட், பானாஜி, நோசெக் 2015இல் வைத்த வாதம் இதுதான்: லட்சக்கணக்கான பேரைத் தொடுகிற முடிவுகளில், அல்லது ஒரே ஆளை வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பத் தொடுகிற முடிவுகளில், சின்ன விளைவும் கூடிக் கூடிப் பெரிதாகிவிடும். 

எண்ணெழுத்து:
மறுக்கவில்லை குழலி. ஆனால் அந்த வாதம் சோதனையைக் காப்பாற்றுகிறதே தவிர, வான்மதியின் மேலிடத்தைக் காப்பாற்றாது. கூட்டத்தில் கூடிப் பெரிதாகும் என்றால் அளக்க வேண்டியதும் கூட்டத்தைத்தான். குழுவில் உட்கார்ந்திருக்கும் ஐந்து பேரில் யாரை எழுப்புவது என்பதற்கு அதில் விடை இல்லை.

கார்குழலி:
அதே 2015 கட்டுரையில் அவர்களே எழுதியிருக்கிறார்கள்: இந்தச் சோதனையின் அளவைப் பண்புகளைப் பார்த்தால், பாரபட்சம் காட்டக்கூடியவர் என்று ஒரு தனிநபரை வகைப்படுத்த இதைப் பயன்படுத்துவது சிக்கலானது என்று. மேடம், உங்கள் மேலிடத்திடம் காட்ட இதைவிட நல்ல சான்று கிடைக்காது. கருவியைச் செய்தவர்களே வேண்டாம் என்கிறார்கள்.

சும்மா ஒருவன்:
ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், ஒரு அடிப்படைச் சந்தேகம். என் தலையில் ‘முதுமை, கெட்டது’ என்ற இணைப்பு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அது என் எண்ணமா, இல்லை விளம்பரமும் சினிமாவும் எனக்குள் ஊற்றி வைத்ததா? இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்தானா?

கார்குழலி:
அருமையான கேள்வி, இந்தத் துறையையே இரண்டாகப் பிரித்த கேள்வி. 2004இல் மைக்கேல் ஓல்சனும் ரஸ்ஸல் ஃபாசியோவும் ‘நல்லது, கெட்டது’ என்ற தலைப்புகளை எடுத்துவிட்டு ‘எனக்குப் பிடித்தது, எனக்குப் பிடிக்காதது’ என்று போட்டுப் பார்த்தார்கள். இனச் சார்பு மதிப்பெண் இறங்கியது. ஊர் அபிப்பிராயம் உள்ளே கலந்துவிடுகிறது என்பது அவர்கள் வாதம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது 2006இல் உல்மன், பிரெஸ்கோல், பாலக் செய்தது. இல்லாத ஒரு கூட்டத்தைக் கற்பனையாக உருவாக்கினார்கள். அந்தக் கூட்டம் ஒடுக்கப்பட்டது, அநியாயத்துக்கு ஆளானது என்று கற்றுக்கொடுத்தார்கள். அதைப் பற்றிக் கெட்டதாக ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் சோதனையில் அந்தக் கூட்டம் ‘கெட்டது’ பக்கம் சாய்ந்தது. ‘கெட்டவர்கள்’ என்பதற்கும் ‘கெட்ட நிலையில் இருப்பவர்கள்’ என்பதற்கும் விரலுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒடுக்குமுறையை நினைத்து மனம் நோகிறவருக்கும், ஒடுக்குகிறவருக்கும் ஒரே மதிப்பெண் வரலாம் என்பதுதான் இதில் வில்லங்கம்.

இளவேனில்:
ஊர் அபிப்பிராயம் கலந்தால் என்ன? நேர்காணல் மேசையில் உட்காரும்போது ஊர் அபிப்பிராயமும் கூடத்தானே உட்காருகிறது? எங்கிருந்து வந்தது என்பது வேலை கிடைக்காதவருக்கு முக்கியமா?

கார்குழலி:
முக்கியம் இல்லைதான் அக்கா. ஆனால் எங்கே மருந்து போடுவது என்பது அதைப் பொறுத்தது. கீத் பெய்ன் குழு 2017இல் ஒரு புதிரை எடுத்துக் காட்டியது. தனி ஆளின் மதிப்பெண் நாளுக்கு நாள் ஆடுகிறது. ஆனால் ஒரு ஊரின், ஒரு மாநிலத்தின் சராசரி ஆடாமல் நிற்கிறது, அங்கே உள்ள ஏற்றத்தாழ்வுகளோடும் நன்றாகப் பொருந்துகிறது. இது எப்படி? அவர்கள் விளக்கம்: மறைமுகச் சார்பு ஆளுக்குள் நிரந்தரமாகக் குடியிருப்பதைவிட, சூழ்நிலையில் இருந்து அந்த நேரத்துக்கு மனதில் மேலெழுவது அதிகம். சூழ்நிலை எல்லோருக்கும் பொது, அதனால் சராசரி நிலையாக இருக்கிறது.

இதை எல்லோரும் ஏற்கவில்லை. சராசரி எடுத்தாலே பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், அதற்குத் தனிக் கோட்பாடு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு.

எண்ணெழுத்து:
நானும் அப்படிக் கேட்கிறவன்தான். ஆனால் சராசரிகள் பயனுள்ளவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. டெசா சார்ல்ஸ்வொர்த்தும் பானாஜியும் 2007 முதல் 2016 வரை இணையத்தில் எடுக்கப்பட்ட 44 லட்சம் சோதனைகளைப் பார்த்தார்கள். தன்பாலீர்ப்பு பற்றிய மறைமுகச் சார்பு 33 சதவீதம் குறைந்திருக்கிறது. இனம் 17, தோல் நிறம் 15. வயதும் உடல் ஊனமும் அசையவே இல்லை. உடல் எடை கொஞ்சம் மோசமாகவே ஆகியிருக்கிறது. தானாக வந்து சோதனை செய்தவர்கள் என்பதால் அப்படியே நாட்டின் படம் என்று சொல்ல முடியாது, ஆனாலும் பத்து வருடப் போக்கு இவ்வளவு தெளிவாக வேறு எங்கே கிடைக்கும்? ஐஏடிக்கு நான் கொடுக்கிற மரியாதை இதற்காகத்தான்.

நிரலன்:
உளவியல் ஆய்வகங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பவன். யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன்: ஏமாற்றுவது.

ஆராய்ச்சிக்காகச் செய்யும்போது ஏமாற்ற யாருக்கும் அவசியம் இல்லை. பதவி போகும் என்றால் கதை வேறு. கணக்கு முறையில் இரண்டு காவல்கள் உண்டு. 10 விநாடிக்கு மேல் எடுத்த பதில்கள் நீக்கப்படும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் பதில்கள் 300 மில்லிசெகண்டுக்குள் வந்தால் அந்த ஆளே நீக்கப்படுவார், கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிறார் என்று அர்த்தம். சரி, எளிதாக இருக்கிற கட்டத்தில் ஒருவர் வேண்டுமென்றே ஒவ்வொரு பதிலையும் விநாடியில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ தாமதித்தால்? இரண்டு காவலுக்கும் அகப்படமாட்டார். வித்தியாசம் சுருங்கிவிடும், மதிப்பெண் சுழியத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஃபீட்லரும் புளூம்கேவும் 2005இல் இதைச் சோதித்தார்கள். ஏற்கெனவே ஒருமுறை செய்து பழகியவர்களால் ஏமாற்ற முடிந்தது, நிபுணர்களிடம் தரவைக் கொடுத்தும் யார் ஏமாற்றினார்கள் என்று சரியாகப் பிடிக்க முடியவில்லை.

வான்மதி மேடம், உங்கள் அலுவலகத்தில் இது வந்தால் இரண்டாவது வாரமே வாட்ஸாப்பில் ‘எளிதான கட்டத்தில் மெதுவாக அழுத்தவும்’ என்று செய்தி சுற்றும். கடைசியில் வடிகட்டப்படுவது நேர்மையாகச் செய்தவர்கள்தான்.

சும்மா ஒருவன்:
அப்படியென்றால் ‘நமக்கே தெரியாமல் உள்ளே இருக்கிறது’ என்பதும் அடிபடுகிறதே? தெரியாததை எப்படி மறைக்க முடியும்?

கார்குழலி:
தயக்கம் கைக்குத் தெரிகிறது, அதனால் மறைக்கலாம். ஆனால் உங்கள் சந்தேகத்துக்கு வேறு வழியில் வலு இருக்கிறது. ஆடம் ஹான் குழு 2014இல் சோதனைக்கு முன்பே, உங்களுக்கு என்ன முடிவு வரும் என்று ஊகியுங்கள் என்று கேட்டது. வெவ்வேறு சமூகக் கூட்டங்களைப் பற்றிய ஐஏடிகள். எதில் அதிகம் சாய்வார்கள், எதில் குறைவாக என்பதை மக்கள் நன்றாகவே ஊகித்தார்கள்.

ஆனால் ஒளிவுமறைவு இல்லாமல் ‘இந்தக் கூட்டத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்’ என்று கேட்கும்போது வருகிற பதிலுக்கும் ஐஏடிக்கும் ஒட்டுறவு 0.24தான். ஹாஃப்மன் குழு 2005இல் 126 ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் படுவது இது: முதல் கணத்தில் மனதில் என்ன எழுகிறது என்று பலருக்கும் தெரிகிறது, ஆனால் அதைத் தன் கருத்து என்று ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். இதை ‘நனவிலி’ என்று சொல்வது மிகை என்று என் ஆய்வுக் குழுவிலேயே பாதிப் பேர் நினைக்கிறார்கள். மீதிப் பாதி என்னோடு பேசுவதில்லை.

நக்கீரன் பேரன்:
ஆக, நனவிலி என்பது சந்தேகம், சார்பு என்பது சந்தேகம், அளவு ஆடுகிறது, நடத்தையோடு ஒட்டவில்லை, ஏமாற்றலாம். மிச்சம் என்ன?

நிரலன்:
பூ, பூச்சி வேலை செய்கிறது :)

கார்குழலி:
வேறு கருவிகளும் இருக்கின்றன பேரன் சார். ஃபாசியோ 1995இல் செய்தது: முகம் ஒன்றைச் சட்டென்று காட்டிவிட்டு, உடனே வரும் சொல் நல்லதா கெட்டதா என்று கேட்பது. பெய்ன் 2005இல் செய்தது: முகத்தைக் காட்டிவிட்டு, படிக்கத் தெரியாத ஒரு சீன எழுத்தைக் காட்டி, இது அழகா என்று கேட்பது. முன்னால் பார்த்த முகத்தின் மேல் உள்ள உணர்வு எழுத்தின் மேல் வழிந்துவிடும். கோரெல் 2002இல் செய்தது கணினி விளையாட்டு மாதிரி: கையில் துப்பாக்கியா செல்பேசியா என்று பார்த்து, சுடுவதா வேண்டாமா என்று சட்டென முடிவெடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ஓட்டை. இவை ஒன்றோடொன்று நன்றாக ஒத்துப்போவதும் இல்லை.

வான்மதி:
தலை சுற்றுகிறது, ஆனால் நிறையத் தெளிந்தது. எல்லோருக்கும் நன்றி. வடிகட்டும் யோசனையைக் கைவிடச் சொல்லிக் குறிப்பு எழுதப் போகிறேன். அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி, ‘சரி, பயிற்சியாவது வைக்கலாமா’ என்று வரும். இளவேனில், நீங்கள் சொல்லுங்கள். உங்கள் தொழிலையே கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இளவேனில்:
கோபமில்லை. உள்ளதைச் சொல்கிறேன். லாய் குழு 2014இல் 17 குறுக்கீடுகளை, அதாவது சார்பைக் குறைக்கச் செய்யும் முயற்சிகளை, ஒரே மேடையில் போட்டியிட வைத்தது. எட்டு மட்டுமே மதிப்பெண்ணை இறக்கின. 2016இல் ஒன்பதை எடுத்து, கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தார்கள். சில மணி நேரத்தில், அல்லது சில நாட்களில் எல்லாம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. 2019இல் ஃபோர்ஷர் குழு 492 ஆய்வுகளைத் தொகுத்து, மதிப்பெண் மாறினாலும் நடத்தை அதோடு சேர்ந்து மாறுவதாகத் தெரியவில்லை என்றது. 2018 மே மாதம் ஸ்டார்பக்ஸ் அமெரிக்காவில் 8,000 கடைகளை ஒரு பிற்பகல் மூடிப் பயிற்சி கொடுத்தது உலகச் செய்தி. 2020 டிசம்பரில் பிரிட்டன் அரசு, தன் ஊழியர்களுக்கான நனவிலிச் சார்புப் பயிற்சியைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது அவ்வளவு பெரிய செய்தி ஆகவில்லை.

அதனால் நான் இப்போது வகுப்பில் ஐஏடியைச் செய்ய வைக்கிறேன், மதிப்பெண்ணைச் சொல்லச் சொல்வதில்லை. சோடி மாறும்போது கை தயங்குவதை அவர்களே உணர்ந்தால் போதும், பேச்சு தொடங்கிவிடும். மீதி நேரம் முழுக்க நேர்காணல் எப்படி நடத்துவது என்றுதான். எல்லோரிடமும் ஒரே கேள்விகள், ஒரே வரிசையில். ஒவ்வொரு பதிலுக்கும் உடனுக்குடன் மதிப்பெண். மற்றவர் என்ன போட்டார் என்று பார்ப்பதற்கு முன்னால் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கலந்து பேசுவது அதற்குப் பிறகு.

வான்மதி:
விண்ணப்பத்தில் பெயரை மறைப்பது?

எண்ணெழுத்து:
எந்தப் பக்கம் சாய்வு என்று தெரியாமல் மறைக்காதீர்கள். பிரான்சில் ஒரு பரிசோதனையில் பெயரை மறைத்ததும் சிறுபான்மையினருக்கான அழைப்பு குறைந்தது. ஆஸ்திரேலிய அரசு 2017இல் தன் அதிகாரிகளிடம் சோதித்தபோதும் பெயர் தெரியாவிட்டால் பெண்களின் வாய்ப்பு கொஞ்சம் குறைந்தது, பெயர் தெரிந்தபோது அவர்கள் பக்கமே சாய்ந்திருக்கிறார்கள். சிகாகோ, பாஸ்டன் முதலாளிகளுக்குப் பெயரை மறைத்தால் பலன் நேர்மாறாக இருந்திருக்கும்.

முதலில் உங்கள் பழைய பதிவேடுகளை எடுங்கள். விண்ணப்பித்தவர் எத்தனை, அழைக்கப்பட்டவர் எத்தனை, நேர்காணலில் தேறியவர் எத்தனை, வயது வாரியாக, பாலின வாரியாக. எந்தப் படியில் ஆட்கள் உதிர்கிறார்கள் என்று தெரிந்தால் அந்தப் படியை மட்டும் தொடலாம். ஆட்களின் மனதுக்குள் போக வேண்டியதே இல்லை.

வான்மதி:
குறிப்பின் முதல் பத்தி: ‘ஐஏடி அறிவியல்பூர்வமற்ற கருவி என்பதால் அதைப் பயன்படுத்த வேண்டாம் எனப் பரிந்துரைக்கிறேன். அதற்குப் பதிலாக, சென்ற ஆண்டின் தேர்வு விவரங்களை ஆய்வு செய்து பாரபட்சம் உள்ளதா எனக் கண்டறியலாம்.’ சரியா?

கார்குழலி:
‘அறிவியல்பூர்வமற்ற’ வேண்டாம் மேடம். யாராவது கூகுளில் தேடி ஆயிரம் ஆய்வுக் கட்டுரைகளை நீட்டுவார்கள், உங்கள் குறிப்பு அங்கேயே விழும். ‘ஆராய்ச்சியில் கூட்டங்களின் சராசரியை ஒப்பிடப் பயன்படும் கருவி, தனிநபரைத் தரம் பிரிக்க ஏற்றதல்ல என்று அதை உருவாக்கியவர்களே எழுதியுள்ளனர்’ என்று போடுங்கள்.

எண்ணெழுத்து:
இரண்டாவது வாக்கியத்தில் ‘சென்ற ஆண்டின்’ என்பதை ‘கடந்த சில ஆண்டுகளின்’ என்று மாற்றுங்கள். ஒரு வருடத்தில் 40 வயதுக்கு மேற்பட்டவர்கள் 12 பேர் வந்து 4 பேர் தேறி, இளையவர்கள் 18 பேர் வந்து 8 பேர் தேறினால், 33 சதவீதம், 44 சதவீதம் என்று அறிக்கை பயமுறுத்தும். கூட ஒரே ஒரு பெரியவர் தேறியிருந்தால் 42 ஆகிவிடும், வித்தியாசம் ஏறக்குறைய காணாமல் போய்விடும். எண்கள் கைக்கு வந்ததும் பெயர்களை எடுத்துவிட்டு இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.

நக்கீரன் பேரன்:
போடும்போது யார் யார் எந்தக் குழுவில் இருந்தார்கள் என்ற விவரத்தையும் விட்டுவிடாதீர்கள் மேடம். பெயர் வேண்டாம், அ, ஆ, இ என்று போதும்.